மிதவை பொய் சொல்லவில்லை

நாள் 211 · காலை 07:40

தொட்டியில் தண்ணீர் 6,020 லிட்டர். வெப்பம் 20. மிதவை காட்டிய அடர்த்தி 1.000. நிறம் இல்லை, மணம் இல்லை. குடிக்கத் தகுந்தது. கையெழுத்து: பூமிநாதன், நிலையப் பொறுப்பாளர், செவ்வாய் வட பனிச்சமவெளி.

ஆம், செவ்வாயில் குடியிருப்பவன் பெயர் பூமிநாதன். சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

இந்தக் குறிப்பை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது, அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கே நான் ஒருவன்தான். தரைக்கடியில் இருக்கும் பனியைத் துளைத்து எடுத்து, உருக்கி, தொட்டியில் சேர்ப்பது என் வேலை. 'மரக்கலம்' கப்பலில் நான்கு பேர் வருகிறார்கள். இறங்கிய பிறகு அவர்கள் கையில் பன்னிரண்டு நாள் தண்ணீர்தான் இருக்கும். அதற்கப்புறம் இந்தத் தொட்டிதான் அவர்களுக்கு. 224ஆம் நாள் மாலை ஆறு மணிக்குள் கப்பல் இறங்கும் பாதைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பிவிட்டால் வந்த வழியே போக எரிபொருள் கிடையாது. திரும்பாவிட்டால் செவ்வாயைச் சுற்றிக்கொண்டு பூமிக்கே போய்விடலாம்.

மின்னணு அடர்த்தி மானி 140ஆம் நாளே செத்துப்போனது. அதனால் தண்ணீருக்குச் சான்று தருவது ஒரு கண்ணாடி மிதவை. திரவம் கனமாக இருந்தால் அது மேலே எழும், லேசாக இருந்தால் அமிழும். அவ்வளவுதான் அதன் படிப்பு. கோள் விட்டுக் கோள் வந்தாலும் கையில் இருப்பது அதுதான்.

206ஆம் நாள் நான்கு மணி நேரம் மின்சாரம் நின்றதே, அதற்கான காரணத்தை இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று.

நாள் 213 · பிற்பகல் 15:10

வாராந்திரப் படிவம் திரும்பி வந்துவிட்டது. 'ஒரு லிட்டர் நீரின் எடை' என்ற கட்டத்தில் 0.38 என்று எழுதியிருந்தேன். இங்கே வில் தராசில் தொங்கவிட்டால் முள் அங்கேதான் நிற்கிறது. ஈர்ப்பு குறைவு, எடையும் குறைவு. பூமியிலிருந்து வந்த குறிப்பு: "எடை ஏற்கத்தக்கதல்ல. மறுபடி அளக்கவும்." மறுபடி அளந்தேன். செவ்வாய் மனசு மாறவில்லை.

இதற்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு செய்முறை வேண்டுமாம். ஒவ்வொன்றும் ஒரு லிட்டராக நான்கு திரவங்களை வரிசையாகத் தொங்கவிட்டுக் காட்டினேன். தண்ணீர் 380 கிராம். சமையலறைக் கடலை எண்ணெய் 350. பனி துளைக்கும் கருவிக்குள் ஓடும் ஸ்பிரிட் 300. பனி உருக்கும் கொதிகலனின் குழாயில் ஓடும் கூலன்ட், அதாவது கிளைக்கால், 420. ரேடியேட்டரில் ஊற்றுவார்களே, அதே சாமான்.

ஒரு சிறுமி கேட்டிருந்தாள், செவ்வாயில் எண்ணெய் தண்ணீருக்கடியில் போய்விடுமா என்று. போகாது. எடை குறைந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது. எது எதைவிடக் கனம் என்பது எங்கே போனாலும் மாறாது. அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. படிவம் போடுகிற ஆளுக்குப் புரியவில்லை.

கடைசியில் 1.00 என்று எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

நாள் 215 · காலை 08:05

மிதவை: 1.000. தொட்டி: 6,220 லிட்டர்.

தண்ணீர் இரண்டு மூன்று நாளாக இனிக்கிறது. நான் பிறந்தது சாயல்குடிப் பக்கம். அங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர், கிணறு வெட்டினால் உவர்த் தண்ணீர். எங்கேயாவது ஒரு ஊற்றுத் தண்ணீர் இனித்தால் 'நல்ல தண்ணி' என்று நான்கு மைல் நடந்து போய் எடுத்து வருவோம். அதனால் எனக்கு இது பெருமையாகவே இருந்தது. பூமிக்கும் சொன்னேன். பொள்ளாச்சிக்காரி பூங்கோதை, தகவல் தொடர்பில் இருப்பவள், இருபத்தெட்டு நிமிடம் கழித்துப் பதில் அனுப்பினாள். ஒரு வார்த்தை போய்ச் சேரப் பதினான்கு நிமிடம், திரும்பி வரப் பதினான்கு நிமிடம்.

"அப்புடிங்களாண்ணா? அப்ப நம்ம சிறுவாணித் தண்ணியாட்டம்னு சொல்லுங்க. வர்றவங்களுக்குக் குடுத்து வச்சிருக்குது."

கொஞ்சம் தலைவலி. இடுப்பின் இரண்டு பக்கமும் வலி. நேற்றுத் துளைக்கருவியைக் குனிந்து கழற்றியதால் இருக்கும்.

நாள் 217 · காலை 09:30

இன்று நல்ல மரியாதை கிடைத்தது. தொழில்நுட்ப மேலாளர் தணிகாசலம் நேரடியாக அனுப்பியது, அப்படியே எழுதுகிறேன்:

"மிஸ்டர் பூமிநாதன், உங்க கைப்பட்டை மூணு நாளா ரத்தத்துல ஆல்கஹால் காட்டுது. நேத்து லிட்டருக்கு 0.2 கிராம். ஸ்பிரிட் மெஷினுக்குக் குடுத்தது, உங்களுக்கு இல்ல. தனியா இருக்கீங்க, கஷ்டம்தான், புரியுது. ஆனா இத நான் மேல ரிப்போர்ட் பண்ணியாகணும்."

நான் குடிக்கவில்லை. கல்யாண வீட்டில்கூடத் தொட்டதில்லை. என் அப்பா குடித்தே போனவர். அந்த வாடை வந்தால் நான் பந்தியிலிருந்தே எழுந்து போகிறவன். இதையெல்லாம் சொல்லிப் பதில் போட்டேன். "கைப்பட்டை பொய் சொல்லாது" என்று வந்தது.

எனக்கு வந்த கோபத்தில் பட்டையைக் கழற்றி எறியப் பார்த்தேன். அது கழலாது. அதில் ஆல்கஹால் மட்டும் இல்லை, சிறுநீரகத்தின் கிரியாட்டினின் வரைக்கும் எல்லாம் நேராகப் பூமிக்குப் போகும். அதுதான் அவர்கள் நம்பும் ஒரே ஆள்.

நாள் 218 · காலை 10:15

கைப்பட்டை பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஸ்பிரிட் எனக்குள் எப்படிப் போனது? காற்றில் கசிவு இல்லை, சோதித்துவிட்டேன். சாப்பாடெல்லாம் மூடி முத்திரையிட்ட பொட்டலம். மிச்சம் இருப்பது தண்ணீர்.

ஆனால் தண்ணீரில் ஸ்பிரிட் கலந்திருந்தால் அது லேசாகியிருக்க வேண்டும். மிதவை அமிழ்ந்து 1.000க்குக் கீழே காட்ட வேண்டும். இன்று மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் 1.000, மயிரிழை பிசகவில்லை. மிதவை கெட்டுவிட்டதா என்று பார்க்கக் கிடங்கிலிருந்த திறக்காத டப்பாவின் கூலன்டில் விட்டேன்: 1.11. ஸ்பிரிட்டுக்கென்று இருக்கும் இன்னொரு மிதவையைப் புது டப்பா ஸ்பிரிட்டில் விட்டேன்: 0.79. இரண்டும் ஒழுங்காகவே இருக்கின்றன.

ஆக, தண்ணீர் சுத்தம். கைப்பட்டையும் சரி. நானும் குடிக்கவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. தலைதான் சுற்றுகிறது.

நாள் 218 · பிற்பகல் 16:50

நான் ஒரு மடையன். எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

இந்த வேலைக்கு வருமுன் பரமக்குடிப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் மூன்று வருஷம் லாக்டோமீட்டர், அதாவது பாலுக்கான மிதவை, பிடித்தவன் நான். அங்கே வேலாயுதம் என்று ஒருவர் பால் ஊற்றுவார். அவர் பாலில் லாக்டோமீட்டர் எப்போதும் சரியாக நிற்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சினால் ஆடை மட்டும் கட்டாது. எட்டு மாதம் எனக்குப் பிடிபடவில்லை. பாலில் தண்ணீர் ஊற்றினால் லேசாகும், மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பாலில் லேசான பொருளே வெண்ணெய்தான். முதலில் வெண்ணெயை எடுத்துவிடுவார், பால் கனமாகும். பிறகு தண்ணீர் ஊற்றுவார், பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டு திருட்டு சேர்ந்தால் ஒரு நேர்மை. கருவிக்கு இரண்டும் தெரியாது.

தண்ணீரில் ஸ்பிரிட் கலந்தும் மிதவை இறங்கவில்லை என்றால், கனமான ஏதோ ஒன்றும் கூடவே கலந்திருக்கிறது.

தண்ணீர் இனிக்கிறது. கிளைக்காலும் இனிக்கும்.

நாள் 218 · மாலை 18:40

ஒரு லிட்டரைக் குடுவையில் விட்டுக் காய்ச்சினேன். முதலில் ஆவியாகி வந்ததைக் குளிரவைத்துப் பிடித்தேன். ஒரு கரண்டி அளவு. பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது. ஸ்பிரிட்.

பிறகு விடாமல் கொதிக்கவிட்டேன். நல்ல தண்ணீராக இருந்தால் கடைசியில் குடுவை காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை. அடியில் இருபது மில்லி, பாகு மாதிரி. ஊசிக்குழாயில் பத்து மில்லி எடுத்து, அதே அளவு தண்ணீருக்கு எதிராக நிறுத்தேன். தண்ணீர் பத்து என்றால் இது பதினொன்று புள்ளி ஒன்று. கிளைக்கால்.

நூறு பங்கில் இரண்டு பங்கு அது, இரண்டு பங்கு இது. 206ஆம் நாள் மின்சாரம் நின்றபோது குளிரில் கொதிகலன் குழாயும் விரிசல் விட்டிருக்கிறது, துளைக்கருவியின் அடைப்பும் விரிசல் விட்டிருக்கிறது. இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒரே அளவில் கசிகின்றன. கசிந்த இடத்துக்குள் தண்ணீர் ஏறிவிடுவதால் அவற்றின் அளவும் குறையவில்லை. நான் தினமும் காலையில் 1.000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மருத்துவக் கையேட்டைப் பார்த்தேன். கிளைக்கால் உடம்புக்குள் போனதும் ஈரல் அதை விஷமாக மாற்றும், அந்த விஷம் சிறுநீரகத்தைத் தின்னும். இடுப்பு வலிக்குக் காரணம் துளைக்கருவி இல்லை. முறிமருந்து இந்த நிலையத்தில் கிடையாது. 'கிடைக்காத நிலையில் மாற்று' என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். ஆல்கஹால். ஈரல் முதலில் ஆல்கஹாலைத்தான் கவனிக்கும். அது ரத்தத்தில் இருக்கும்வரை கிளைக்காலைத் தொடாது. கிளைக்கால் கெடாமல் மெல்லச் சிறுநீரில் போய்விடும். தண்ணீரில் கலந்திருந்த ஸ்பிரிட்தான் இத்தனை நாள் என்னைப் பாதியாவது காப்பாற்றியிருக்கிறது.

ஆக, நான் இப்போது குடிக்க வேண்டும். இடைவிடாமல், அளவாக, நான்கைந்து நாள். முதல் டம்ளரை ஊற்றினேன். அப்பாவின் வாடை அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

நாள் 219 · காலை 09:00

எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பினேன். நீலத் தீ, பாகு, தராசு. தொட்டித் தண்ணீர் குடிக்கத் தகாதது, கப்பல் இறங்கக் கூடாது, சான்றை ரத்து செய்கிறேன் என்று.

09:50. தணிகாசலம்:

"உங்க ஆல்கஹால் இப்ப 1.0. நேத்து வரைக்கும் குடிக்கலன்னு சத்தியம் பண்ணீங்க. இன்னிக்கு மருந்துங்கறீங்க. நீங்க காட்டுற ரெண்டு லிக்விடும் உங்க ஸ்டோர்லயே இருக்கறதுதான். தொட்டி கேமராவுல மிதவை 1.000 காட்டுது, நானே பார்த்தேன். குடிச்சிருக்கற ஒருத்தர் குடுவையில காய்ச்சிக் காட்டுனதுக்காக நாலு வருஷ மிஷனைத் திருப்ப முடியாது. சான்று ரத்து செய்யற அதிகாரம் உங்ககிட்டருந்து எடுக்கப்படுது."

மேசையைக் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது. செவ்வாயில் எடை குறைவு, வலி குறையவில்லை.

நாள் 219 · பிற்பகல் 13:20

தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்று வடிகால் குழாய்க்குப் போனேன். அதைத் திறக்கப் பூமியிலிருந்து அனுமதிக் குறி வேண்டும். தொட்டி ஆறு மீட்டர் ஆழத்தில் உறைபனிக்குள் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு ஸ்பானர்.

கப்பலோடு எனக்கு நேரடித் தொடர்பு 226ஆம் நாள்தான். அதற்குள் அவர்கள் பாதை மாறி இரண்டு நாள் ஆகியிருக்கும்.

கொதிகலனை நிறுத்திவிட்டேன். துளைக்கருவி தொடாத இடத்தில் கையால் பனி வெட்டிக் கெட்டிலில் உருக்குகிறேன். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வருகிறது. அது எனக்கு மட்டும் போதும். ஐந்து பேருக்குப் போதாது. ஆறாயிரம் லிட்டர் மறுபடி சேர்க்க நான்கு மாதம் ஆகும்.

நாள் 220 · காலை 11:00

கிரியாட்டினின் 1.6; ஒன்றைத் தாண்டி ஏற ஏறச் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். ஸ்பிரிட் பிடித்து நிறுத்தியிருக்கிறது. தலை கிறுகிறுக்கிறது. எழுத்துக் கோணலாகப் போகிறது, மன்னிக்கவும்.

பூங்கோதை தனியாக அனுப்பினாள்:

"அண்ணா, நான் நம்பறனுங்க. எங்கூட்டுக்காரரு கிட்டக்கூடச் சொல்லி அழுதேன். ஆனா என் நம்பிக்கைக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லீங்களே. தணிகாசலம் சார் கெட்டவரு இல்லீங்ணா. பயப்படறாரு. ரூலு என்னன்னா, ஆல்கஹால் சைபர் ஆகி நாப்பத்தெட்டு மணி நேரம் ஆனா தான் உங்க ரிப்போர்ட்டு செல்லும். அதுவரைக்கும் நீங்க என்ன சொன்னாலும் 'போதையில் கூறியது'ன்னு ஃபைல்ல போட்டுருவாங்க."

கணக்குப் போட்டேன். 224ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் பின்னால் போனால் 222ஆம் நாள் மாலை ஆறு மணி. அப்போது ரத்தத்தில் சைபர் இருக்க வேண்டும். அதற்குக் காலையிலேயே நிறுத்த வேண்டும்.

நான் உயிரோடிருக்கக் குடிக்க வேண்டும். நான் சொல்வது ஏற வேண்டுமானால் குடிக்கக் கூடாது. இப்படி ஒரு ரூல் எழுதியவனை நேரில் பார்க்க ஆசை.

நாள் 221 · மாலை 17:30

கெஞ்சிப் பார்த்தேன். சட்டம் பேசிப் பார்த்தேன். திட்டியும் பார்த்தேன். திட்டியதை மட்டும் உடனே பதிவு செய்திருக்கிறார்கள்.

தணிகாசலத்திடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "சார், நீங்க என்னைய நம்ப வேணாம். ஒரு லிட்டரைக் காச்சி வத்த வச்சுப் பாருங்கன்னு கப்பல்ல வர்றவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எறங்குறதுக்கு முன்னாடி அவுகளே முடிவு பண்ணட்டும்." அவர் பதில்: "கப்பல்ல உங்க தொட்டித் தண்ணி இல்லையே மிஸ்டர் பூமிநாதன். எதைக் காய்ச்சுவாங்க?"

அது உண்மைதான். அந்த ஆள் சொன்னதிலேயே ஒழுங்கான ஒரே பேச்சு.

தண்ணீரை அவர்களுக்குக் காட்ட முடியாது. மிதவை அவர்கள் பக்கம். என் பக்கம் இருப்பது இந்தக் கைப்பட்டை. அது காட்டுவதை மட்டும் அவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆல்கஹால் சைபராக இருந்து, கிரியாட்டினின் மட்டும் ஏறினால், அது போதையில் கூறியது ஆகாது. சாராயம் குடித்தவனுக்கு இரண்டே நாளில் சிறுநீரகம் இப்படிச் சாகாது. எந்த டாக்டரும் பார்த்தவுடன் சொல்வார்.

பயமாக இருக்கிறது. அதைவிட எரிச்சலாக இருக்கிறது. ஒரு தொட்டித் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்ல ஒரு மனுஷன் இவ்வளவு செய்ய வேண்டுமா?

நாள் 222 · காலை 07:00

கடைசி டம்ளரை ஊற்றவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

பூங்கோதைக்குச் சொன்னேன். 07:40. அவள் பதில் வந்தது: "வேண்டாங்ணா. நான் வேற வழி பாக்கறேன். தயவு செஞ்சு வேண்டாங்ணா." வேற வழி இருந்தால் சந்தோஷம். நாற்பத்தெட்டு மணி நேரம் யாருக்காகவும் நிற்காது.

நாள் 222 · மாலை 17:45

ஆல்கஹால் 0.0. கிரியாட்டினின் 2.1.

தலை தெளிவாக இருக்கிறது. இடுப்பு கத்துகிறது.

நாள் 223 · காலை 08:00

ஆல்கஹால் 0.0. கிரியாட்டினின் 3.4. மூச்சு வேகமாக வாங்குகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறினால் அப்படித்தான் என்று கையேடு சொல்கிறது.

தணிகாசலத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். பார்க்கட்டும்.

நாள் 223 · மாலை 19:10

4.6. காலையிலிருந்து சிறுநீர் ஒரு கால் டம்ளர்.

சாப்பிட்டது நிற்கவில்லை. ஸ்பிரிட் டப்பா அறை அலமாரியில் இருக்கிறது, உள்ளே இருந்தால் எட்டி எடுத்துவிடுவேன். ஒரு டம்ளர் உள்ளே போனாலும் 'போதையில் கூறியது'. அதனால் அறையைப் பூட்டிவிட்டு நடைபாதையில் படுத்திருக்கிறேன்.

நாள் 224 · பிற்பகல் 16:20

5.8

டாக்டர் குழு கூடியிருப்பதாகப் பூங்கோதை சொன்னாள். கூடட்டும். இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம்.

17:30. ஒன்றும் இல்லை.

17:48. ஒன்றும் இல்லை. அவர்கள் முடிவு எடுத்தாலும் எனக்குத் தெரியப் பதினான்கு நிமிடம். இந்தப் பதினான்கு நிமிடத்தைப் போல எரிச்சல் தரும் சாமான் இந்த அண்டத்தில் வேறு இல்லை.

18:09. தணிகாசலம்:

"பூமிநாதன். உங்க ரிப்போர்ட் ஏத்துக்கிட்டாச்சு. கப்பலுக்கு முதல்லயே சொல்லிட்டோம், இறங்கல. சுத்திட்டுத் திரும்பி வருது. நான்... மருந்து எடுத்துக்கங்க. உடனே எடுத்துக்கங்க. தப்பு என்னோடது."

18:12. டப்பாவைத் திறந்து குடித்தேன். பாதி சட்டையில் போயிற்று.

நான்கு பேர் பிழைத்தார்கள். சந்தோஷம் என்று எழுத வேண்டும். வரவில்லை. கோபம்தான் வருகிறது. 219ஆம் நாளே நம்பியிருந்தால் எனக்கு 1.6. இன்று ஐந்தே முக்கால். அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்து.

நாள் 226 · காலை 10:30

6.9. சிறுநீர் நின்றுவிட்டது.

கப்பலோடு நேரடித் தொடர்பு. கேப்டன் ரஹ்மத்துன்னிசா. அவரும் எங்கள் கடற்கரைதான், கீழக்கரை. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"பூமிநாதன் காக்கா, எல்லாத்தையும் நேத்துத்தான் எங்களுக்குச் சொன்னாங்க. நாங்க இறங்க முடியாது. ஆனா கடந்து போறப்ப பத்துக் கிலோப் பெட்டி ஒண்ணப் பாராசூட்டுல போட முடியும். எங்ககிட்ட ரத்தம் சுத்தம் பண்ற கைமெஷின் இருக்கு. ஒண்ணுதான் இருக்கு. நாலு பேரும் உக்காந்து பேசிட்டோம். அத உங்களுக்குப் போடுறோம். வேணாம்னு சொல்லாதீங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வழியில் அவர்களில் ஒருவருக்குத் தேவைப்பட்டால்? அப்புறம் சொல்லவில்லை. எனக்குச் சாக இஷ்டமில்லை. "சரி தாயி" என்றேன்.

நாள் 228 · பிற்பகல் 13:40 (கவச உடையிலிருந்து குரல் பதிவு)

பெட்டி இறங்கிவிட்டது. நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் வடக்கே. கதவைத் தாண்டி வந்துவிட்டேன். நிலையத்தில் ஒரு வண்டி உண்டு; அதன் மின்கலத்தைக் கெட்டிலுக்குக் கழற்றியது நான்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. நடக்கிறேன்.

14:25. ஒரு கிலோமீட்டர். கால் வீங்கிக் காலுறை இறுக்குகிறது. என் எடை இங்கே இருபத்தைந்து கிலோகூட இல்லை. தூக்க முடியவில்லை.

14:50. பெட்டி தெரிகிறது. ஆரஞ்சுத் துணி. காற்றில் அடித்துக்கொள்கிறது.

15:05. முந்நூறு மீட்டர். விழுந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு... கொஞ்சம் இருங்கள்.

15:14. இப்போது நான் பேசுவது பூங்கோதைக்குப் போய்ச் சேரப் பதினான்கு நிமிடம். அவள் எழுந்திருக்கச் சொல்வது இங்கே வர இன்னொரு பதினான்கு. அதுவரை உட்கார்ந்தால் அப்புறம் எழ மாட்டேன். அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுந்திருடா.

15:43 (வரவு, பூமி)

"அண்ணா, எந்திரிங்ணா. முன்னூறு மீட்டருதானுங்க. எந்திரிச்சிட்டீங்களா? எந்திரிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்ணா, நான் இங்கயே இருக்கறேன்."

16:11 (வரவு, பூமி)

"அண்ணா?"